உள்ளே நாலு மொழிக்குத்தான் இடம்

நவம்பர் 18, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. நான் வேலை பார்க்கும் காலேஜ் லேபில் மூன்றாவது வரிசை ஃபேன் மறுபடியும் நின்றது. எலக்ட்ரீஷியனுக்குச் சீட்டு எழுதினேன். இந்த மாதம் நாலாவது சீட்டு.

வாங்க வேண்டியது: புளி, கொசுவர்த்தி, யாழினிக்கு கிராஃப் நோட்டு.

மதியம் மார்த்தாவின் மெயில். பல நாட்டு ஆட்கள் சேர்ந்து சம்பளமில்லாமல் எழுதும் டேட்டாபேஸ் ஒன்றின் வேலைகளை ஒருங்கிணைப்பவள். எந்த ஊர் என்று இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. வீடியோவில் பார்க்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பனி. விஷயம் இதுதான். எங்கள் டேட்டாபேஸின் சோர்ஸுக்குள்ளேயே சேர்த்துக் கொடுக்கும் புரோகிராம் மொழிகள் இப்போது நாலு. கைட் என்ற ஐந்தாவது மொழி உள்ளே வரக் கேட்கிறது. ஐந்தைச் சுமக்க ஆள் இல்லை. கைட் வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். அது எது என்று மெயிலில் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. மற்ற மூன்றையும் உலகம் பூராவும் பயன்படுத்துகிறார்கள். மிச்சம் இருப்பது பெபிள். என்னுடையது.

"உன் மொழியும் இதில் இருப்பதால் குழுவில் உனக்கு இந்தத் தடவை ஓட்டு இல்லை. ஆனால் இந்த வேலையை உன்னளவு தெரிந்தவர் வேறு இல்லை. கைட்டைப் படித்து அறிக்கை எழுது. நேர்மையாக எழுதுவாய் என்று தெரியும்."

கைட்டை எழுதியது விமலா. திண்டிவனம் காலேஜில் மூன்று வருஷம் என் பெஞ்ச். அவள் முதல் மார்க், நான் இரண்டாவது. ஒரு செமஸ்டர்கூட மாறவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன்.

"உன் பெபிள்னா இன்னான்னு எனக்கு இன்னும் புரியல கலை."

"டேட்டாபேஸுக்கு உள்ளயே சின்னச் சின்ன புரோகிராம் எழுதலாம்ங்க. எந்த மொழியில எழுதணுமோ அதுக்கு ஒரு ஒட்டுப்பாகம் வேணும். பெபிள் மொழிக்கு நான் பண்ணேன். கைட் மொழிக்கு விமலா பண்ணா."

இவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கொஞ்சம் யோசித்தார். "அப்போ புது மோட்டார் பெட்டியில கம்பெனியே போட்டுக் குடுக்கற சாமான் உன்னுது. கடையில தேடி வாங்கி மாட்டிக்கற சாமான் அவுங்களுது."

"ஆமாம்."

"தேடி வாங்கறதுதான் நெறைய போவுது போல?"

இன்னொரு கரண்டி சோறு போட்டேன். சாம்பாரில் உப்பு கம்மி என்றார்.

நவம்பர் 19, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

முதல் இரண்டு பீரியட் லேப் காலி. கைட்டைத் திறந்தேன்.

பார்க்க வேண்டியவை (மார்த்தாவின் பட்டியல், என் வார்த்தையில்):
– யார் பயன்படுத்துகிறார்கள்
– உடைந்தால் யார் சரிசெய்வார்கள்
– எல்லா வகை மெஷினிலும் ஏறுமா
– லைசென்ஸ் ஒத்துப்போகுமா
– பாதுகாப்பு. சாதாரண ஆள் இந்த மொழியில் எழுதி சர்வரின் சொந்த ஃபைல்களைத் தொட முடியக்கூடாது

முதல் நாலும் அரை மணி நேரத்தில் முடிந்தன. நாலுக்கும் பதில் நன்று. எழுதிய கை நன்று. ஒரு ஃபங்ஷனும் ஒரு திரைக்கு மேல் போகவில்லை. பெயர்கள்கூட அழகு. படித்துக்கொண்டே போனபோது பெபிளுக்கு வந்த மெயில்களை எண்ணிப் பார்க்கத் தோன்றியது.

பெபிளுக்குப் போன வருஷம் வந்த மெயில்கள் மொத்தம் ஏழு. அதில் இரண்டு ஒரே ஆள், அதே கேள்வி.

விமலா போன். "ஏய், நீதானாமே பாக்கப்போறே? சந்தோஷம்டீ. வேற எவனாவது பாத்தா ஒரு மாசம் இழுப்பான்."

"பாக்கறேன். படிச்சிக்கினுதான் இருக்கேன்."

"எப்படி இருக்குது?"

"இப்பத்தான் ஆரம்பிச்சேன்." பொய். முக்கால்வாசி முடித்திருந்தேன்.

நவம்பர் 22, சனி

பெரியம்மா மகள் திண்டிவனத்தில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம். பாசஞ்சரில் கோயிலுக்குப் போகும் சிவப்புப் புடவைக் கூட்டம். மயிலம் வரை நின்றுகொண்டே போனேன். யாழினி வரவில்லை, டியூஷன். இவருக்குக் கடை.

சாப்பாடு நன்றாக இருந்தது. பந்தியில் பெரியம்மா மகளின் நாத்தனார்: "நீங்க கம்ப்யூட்டர்தானே? எங்க தெருவுல விமலான்னு ஒருத்தி. வெளிநாட்டுக்காரனுங்க போன் பண்ணி சந்தேகம் கேக்கறானுங்க அவகிட்ட. தெரியுமா?"

தெரியும் என்றேன். ரசத்துக்கு இலையில் குழி பண்ணிக்கொண்டேன்.

கிளம்பும்போது போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கால் அந்தத் தெருவுக்குப் போய்விட்டது. விமலாவும் அவள் அம்மாவும்தான் வீட்டில். நயினார் குடும்பம், சமணர்கள்; பொழுது சாய்ந்தபின் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். ஐந்தரைக்கே கேப்பை அடை தட்டில் விழுந்தது. வெங்காயம் இல்லாத அடை, முருங்கைக்கீரை மட்டும். வயிறு நிறைந்திருந்தும் இரண்டு சாப்பிட்டேன்.

அவளுக்கென்று தனி அறை. மேஜை ஜன்னல் பக்கம். வேப்பமரம். எனக்கு எங்கே மேஜை? லேபில் மற்றவர்கள் ஸ்டேப்ளர் கேட்டு வரும் மேஜை, வீட்டில் பிரிட்ஜ் மேல் லேப்டாப்.

ஒரு மெயில் காட்டினாள். எங்கோ தூர தேசத்து ஆஸ்பத்திரி. தடுப்பூசிக் கணக்கு முழுக்கக் கைட்டில் ஓடுகிறதாம். நன்றி சொல்லி அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் நிற்கும் போட்டோ. பதினைந்து இருபது பேர், வெள்ளைக் கோட்டில், சிரித்துக்கொண்டு.

"நல்லா இருக்குது," என்றேன்.

அவள் அம்மா கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாதானே ஆரம்பிச்சீங்க கண்ணு?"

இல்லை அம்மா. நான் முதலில். பத்து வருஷம் முன்னால், யாழினியை மடியில் போட்டுக்கொண்டு எழுதினேன் பெபிளை. அது உள்ளே சேர்ந்த அன்று தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தோம். இதைச் சொல்லவில்லை. "ஆமாங்கம்மா" என்றேன்.

விமலா சொன்னாள்: "பெபிளப் பாத்துத்தான் நான் கைட் பண்ணவே கத்துக்கினேன்."

திரும்பும் பஸ்ஸில் விக்கிரவாண்டி வரை அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாராட்டா, குத்தலா?

நவம்பர் 24, திங்கள்

கிடைத்துவிட்டது.

பதினொன்றே கால் மணி. லேபில் யாரும் இல்லை. கைட்டில் ஒரு புரோகிராம் ஓட ஆரம்பிக்கும்போது சர்வரின் கதவுகளை எல்லாம் சாத்துகிறாள். முடிந்ததும் திறக்கிறாள். சரி. ஆனால் நடுவில் தவறு ஏற்பட்டு, அந்தத் தவறைச் சமாளிக்கப் போகும் பாதையில், கதவைத் திறந்துவிட்டுத் திரும்பச் சாத்த மறக்கிறாள். வேண்டுமென்றே ஒரு தவறை உண்டாக்கினால் உள்ளே எந்த ஃபைலையும் படிக்கலாம். எழுதிப் பார்த்தேன். எட்டு வரி. சர்வரின் பாஸ்வேர்ட் ஃபைல் என் திரையில்.

சந்தோஷம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. சந்தோஷம்தான். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கேண்டீனில் டீயோடு ஒரு வடையும் வாங்கினேன். திங்கட்கிழமை நான் வடை சாப்பிடுவதில்லை.

இப்படி ஒன்று கிடைத்தால் செய்ய வேண்டியது என்ன என்று எங்கள் விதியிலேயே இருக்கிறது. பாதுகாப்புக் குழுவுக்கும் எழுதியவருக்கும் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சரிசெய்து முடித்தபின்தான் எல்லோருக்கும். அந்த விதியை எழுதிய கூட்டத்தில் நானும் இருந்தேன்.

எல்லோருக்கும் போகும் பொது மெயில் லிஸ்டுக்கு அனுப்பினேன். எட்டு வரியையும் சேர்த்து.

அனுப்புவதற்கு முன் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள்: கைட் இன்னும் சோர்ஸுக்குள் இல்லை, ஆகவே விதி பொருந்தாது. அறிக்கை பொதுவில் கேட்கப்பட்டது. பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரிய உரிமை உண்டு.

மூன்றும் நல்ல காரணங்கள். மூன்றையும் நான் நம்பவில்லை.

மாலை மழை. யாழினிக்குச் சளி. கற்பூரவல்லி கஷாயம்.

நவம்பர் 25, செவ்வாய்

லிஸ்டில் முப்பத்துநாலு பதில். "உடனே கைட்டை நிறுத்துங்கள்." "எங்கள் சர்வர் மூன்று நாடுகளில் இருக்கிறது, நிறுத்த முடியாது, என்ன செய்வது?" "கண்டுபிடித்ததற்கு நன்றி." இந்த ஒரு நன்றியை நாலு தடவை படித்தேன்.

மார்த்தாவிடமிருந்து எனக்கு மட்டும் ஒரே வரி: "இதை நீ தனியாக எழுதியிருக்க வேண்டும், உனக்குத் தெரியும்." ஓட்டெடுப்பு தள்ளிவைப்பு.

விமலாவிடமிருந்து போன் இல்லை. வாட்ஸப்பில் காலையில் வழக்கமாகப் போடும் பூ படமும் இல்லை.

இவர் கடைக்குக் கிளம்பும்போது என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டே நின்றார்.

"திண்டிவனம் இன்னா தூரம்? ஒரு போன் போட்டு இன்ன மாதிரி இருக்குதுன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அறிக்கை பப்ளிக்கா குடுக்கணும்ங்க."

"மோட்டார்ல லீக் இருக்குதுன்னா நான் மோட்டார்க்காரன்கிட்டதான் மொதல்ல சொல்லுவேன். பஸ் ஸ்டாண்டுல நின்னு கத்த மாட்டேன்."

"உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுதான்," என்றார். வண்டி ரெண்டாவது உதையில் கிளம்பியது.

நவம்பர் 26, புதன்

ஃபேன் சரியாகிவிட்டது. சத்தம் வருகிறது, ஆனால் சுற்றுகிறது.

கைட் பேச்சு லிஸ்டில் ஓயவில்லை. யாரோ ஒருவன்: "பெபிள் பத்து வருஷமாக உள்ளே இருக்கிறது, ஒரு பிரச்சினையும் இல்லை. பழையதே மேல்." நான் இரண்டு நாளாகக் காத்திருந்த வாக்கியம். வந்துவிட்டது. ருசி இல்லை.

தலைவலி. மாத்திரை.

நவம்பர் 27, வியாழன்

காலையில் லிஸ்டில் விமலாவின் மெயில். சரிசெய்துவிட்டாள். இரண்டு நாளில். புது வெளியீடு, கைக்குக் கிடைத்த மெஷினிலெல்லாம் ஓட்டிப் பார்த்த விவரம், பயன்படுத்துகிறவர்கள் செய்ய வேண்டியது என்ன என்று ஒன்று இரண்டு மூன்று போட்டு. என் பெயரைச் சொல்லி நன்றி. ஒரு வார்த்தைகூடக் கசப்பு இல்லை.

பத்து நிமிஷம் கழித்து எனக்கு மட்டும் இன்னொன்று. தமிழில். அப்படியே இங்கே:

"கலை, அந்த எடம் நான் எழுதினதில்ல. பெபிள்லேர்ந்து எடுத்தது. தவறு வந்தா சமாளிக்கற பாகம் மொத்தமும் உன்னுது, அப்படியே வெச்சிருந்தேன். பெபிள்லயும் அதே ஓட்டை இருக்குது. நேத்து ஓட்டிப் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல. இப்ப கைட்டோட திருத்தம் வெளிய வந்துடுச்சி, அதப் பாத்து எவனாவது பெபிள்ல தேடுவான். ஜல்தி பாத்துக்கோ. திருத்தம் இதோட சேத்திருக்கேன். – வி."

பெபிளைத் திறந்தேன். அந்த எட்டு வரியை பெபிளுக்கு மாற்றி எழுதினேன். ஒன்பது வரி ஆனது.

பாஸ்வேர்ட் ஃபைல் திரையில்.

பத்து வருஷம். ஒவ்வொரு ரிலீஸிலும். டேட்டாபேஸை இறக்கிய ஒவ்வொருவர் மெஷினிலும், கேட்காமலே, நான் திறந்து வைத்த கதவு.

லேபில் யாரோ "மேம், நெட் வர்ல" என்றார்கள். போய்ப் பார்த்தேன். கேபிள் கழன்றிருந்தது. மாட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

கனமழை. காலேஜ் லீவ். யாழினி பக்கத்து வீட்டில்.

விமலா அனுப்பிய திருத்தத்தைப் பெபிளில் போட்டுப் பார்த்தேன். கச்சிதம். ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதுகூட அவளுடையது.

செய்யக்கூடியவை:
1. "சிறு திருத்தம்" என்று தலைப்புப் போட்டு, மற்ற பத்து மாற்றங்களோடு கலந்து உள்ளே சேர்த்துவிடலாம். எனக்கு அந்த அனுமதி இருக்கிறது. யாரும் படிக்க மாட்டார்கள். பெபிள் ஓட்டையில்லாததாக நிற்கும், கைட் ஓட்டை இருந்ததாக நிற்கும்.
2. சொல்லலாம்.

ஒன்றாவதைத் தயார் செய்தேன். உண்மையைத்தானே எழுத வேண்டும் இங்கே. தலைப்பு டைப் அடித்தேன், மற்ற மாற்றங்களைச் சேர்த்தேன், அனுப்பும் பட்டன் மேல் அம்புக்குறியை வைத்தேன். அப்போது கரண்ட் போனது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தது. நெட்தான் போய்விட்டது. பதினொன்றரைக்கு வந்தது. அதற்குள் சோறு வைத்துவிட்டேன், குழம்பு வைத்துவிட்டேன். பட்டனை அழுத்தவில்லை. அழுத்த மாட்டேன் என்று முடிவெடுக்கவும் இல்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். அவள் நல்லவளாக நடந்துகொள்வதும் எனக்கு எரிகிறது. மார்க்கில் முந்தினாள், வேலையில் முந்தினாள், இப்போது இதிலும். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நவம்பர் 29, சனி

மழை விட்டிருந்தது. இவரிடம் சொல்லிவிட்டுத் திண்டிவனம் போனேன். "போய்ட்டு வா" என்றார், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டேரிப்பட்டில் ரோட்டில் தண்ணீர், பஸ் ஊர்ந்தது. விமலா வீட்டுக் கதவைத் தட்டும்போது மணி பதினொன்று. அவள்தான் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. தலை வாரவில்லை. உள்ளே வா என்று சொல்லவில்லை, ஆனால் வழி விட்டாள்.

அறையில் உட்கார்ந்தோம். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அனுப்பிட்டியா?" என்றாள்.

"இல்ல."

"ஏன்? நாலு நாள் ஆச்சின்னா எவனாவது கண்டுபுடிச்சிடுவான்டீ."

"விமலா, நீ ஏன் லிஸ்ட்ல போடல? நான் போட்டேன் இல்ல?"

அவள் முகம் மாறியது. நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"உம்மேல பாசம்னு நெனச்சிக்காத. திங்கக்கெழம சாயந்தரத்துலேர்ந்து போன் அடிச்சிக்கினே இருந்துது. அந்த ஆஸ்பத்திரி ஆளு அழுவுறான். குழந்தைங்க பேரு, வெலாசம், நோவு எல்லாம் அதுல இருக்குது. ரெண்டு நாள் குளிக்கல நான். உம்பேர்ல அப்படி ஒரு கோவம். பெபிள்லயும் அதே ஓட்டைன்னு பாத்தப்ப லிஸ்ட்டத் தொறந்துட்டேன். எழுதியும் வெச்சிட்டேன். அப்புறம் அதே மாதிரி இன்னொரு ஆஸ்பத்திரி பெபிள்ல இருந்தா? அவன் யாருக்குப் போன் பண்ணுவான்? அதான் போடல. உனக்காக இல்ல."

"தப்பு பண்ணிட்டேன்" என்றேன். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

"ஏன்டீ பண்ணே?"

"பொறாமை."

இந்த வார்த்தையை நான் வாயால் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று. சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு இல்லை. மூக்கால் வந்த சிரிப்பு.

"எம்மேல உனக்கா? பத்து வருஷமா உம்பேரு உள்ள இருக்குது. எங்க எறக்கினாலும் உம்பேரோடதான் எறங்குது. நான் எத்தினி வாட்டி கேட்டேன், வெளியவே இருன்னாங்க. பெபிள ஒரு வரி விடாமப் படிச்சவ இந்த உலகத்துலயே நான் ஒருத்திதான். கத்துக்கணும்னு படிக்கல. குத்தம் கண்டுபுடிக்கணும்னு படிச்சேன். ஒண்ணும் கெடைக்கல. அதான் எடுத்து வெச்சிக்கினேன்."

குத்தம் தேடிப் படித்திருக்கிறாள். ஓட்டை இருந்த இடத்தைத் தாண்டிப் போய், அதையே நல்லது என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருக்கும் அது ஒரே சமயத்தில் உறைத்தது என்று நினைக்கிறேன். முதலில் யார் சிரித்தது என்று ஞாபகம் இல்லை. அவள் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடி ஆச்சி?" என்றார். "ஒண்ணுமில்லம்மா," என்றாள் விமலா, உடனே சிரிப்பை நிறுத்தி. அவளுக்குக் கோபம் முழுசாகப் போகவில்லை. நான் கிளம்பும்போது வாசல் வரை வரவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

வெயில். மூன்று பக்கெட் துணி.

ஒன்பது மணிக்கு மார்த்தாவுக்கும் பாதுகாப்புக் குழுவுக்கும் மெயில். தனியாக. எழுதியவை: பெபிளில் அதே ஓட்டை. கைட்டுக்கு அது போனதே பெபிளிலிருந்துதான். கண்டுபிடித்தது விமலா, திருத்தமும் விமலாவுடையது. பொது லிஸ்டில் நான் எழுதியது விதி தெரிந்தே செய்த மீறல்; அவசரத்தில் அல்ல.

கடைசி வரியை மூன்று தடவை அழித்து மூன்று தடவை எழுதினேன். பிறகு அறிக்கை. கைட் உள்ளே வர வேண்டும். பெபிளைச் சுமக்க வேறு யாரும் இல்லை, நான் ஒருத்தி போதாது என்பது தெரிந்துவிட்டது; வெளியே போகலாம்.

அனுப்பியபின் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. பசித்தது. அவ்வளவுதான்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். அகல் இருபத்தொன்று. காற்றில் ஐந்து நிற்கவே இல்லை. பொரி உருண்டைக்கு வெல்லப்பாகு முறுகிவிட்டது, யாழினி, "கல்லு மாதிரி இருக்குதும்மா, ஆனா நல்லா இருக்குது." கெடாரிலிருந்து மாமியார் அனுப்பிய மல்லாட்டையை ஓட்டோடு வேகவைத்தோம், கடலை நல்ல பருமன்.

மார்த்தாவின் பதில் வந்தது. "சொன்னதற்கு நன்றி. முன்பே இப்படிச் செய்திருக்கலாம்." இரண்டு வாக்கியமும் சரி.

டிசம்பர் 4, வியாழன்

பெபிளின் திருத்தம் வெளியீடு. கூடவே பொது அறிவிப்பு. ஓட்டை இருந்த பாகத்தை எழுதியவர்: என் முழுப்பெயர். கண்டுபிடித்தவர்: அவள் முழுப்பெயர். பதில்கள் பன்னிரண்டு. இரண்டு பேர் கடுமை. ஒருவன், போன வாரம் பழையதே மேல் என்றவன்தான், இப்போது எழுதுகிறான்: "நான் அப்போதே சந்தேகப்பட்டேன்."

இவர் ராத்திரி கேட்டார்: "இப்ப உன்னை அவுங்க இன்னா நெனப்பாங்க?"

"தெரியல."

"பேஜாருதான்," என்றார். பிறகு என் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தார்.

டிசம்பர் 5, வெள்ளி

ஓட்டெடுப்பு. நான் தவிர்த்து நாலு பேர். கைட் உள்ளே: மூன்று ஆம், ஒன்று இல்லை. பெபிள் வெளியே: நாலும் ஆம்.

நாலும்.

ஒருவராவது இல்லை என்பார் என்று இருந்திருக்கிறேன் போல. நானேதான் போகலாம் என்று எழுதினேன். இருந்தும்.

விமலாவிடமிருந்து ஒரு பூ படம். செம்பருத்தி. வேறு வார்த்தை இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

பனி. ஸ்டேஷன் பக்கமே தெரியவில்லை. ஒன்பதுக்கு மேல் வெயில்.

பெபிளை எடுப்பதும் கைட்டைச் சேர்ப்பதும் யார் செய்வது என்று மார்த்தா கேட்டிருந்தாள். நானே செய்கிறேன் என்று எழுதினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. இன்னொருவர் கை படுவதை நினைக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பத்து மணி. பெபிள் டைரக்டரி. முப்பத்தொரு ஃபைல். ஒரு கட்டளைதான். அழிந்துபோகாது, தனி இடத்தில் இருக்கும், தேடி வருகிறவனுக்குக் கிடைக்கும். அந்த ஏழு மெயில்களை எழுதியவர்கள் வந்தால் உண்டு. எடுத்தேன். லேபில் அப்போது ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகள் ஏதோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் ஸ்க்ரீனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன்.

பத்தே முக்கால். கைட். சேர்த்தேன். எழுதியவர் பட்டியலில் அவள் பெயரை டைப் அடித்தேன். அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்று சந்தேகம். பழைய மெயிலைத் திறந்து பார்த்துச் சரியாகப் போட்டேன். போடும்போது எரிந்தது. காலேஜ் நோட்டீஸ் போர்டில் இரண்டாவது வரியில் என் பெயரைப் பார்க்கும்போது எரிந்த அதே இடம். இது எனக்குப் போகப்போவதில்லை என்று தோன்றுகிறது. நாற்பத்தோரு வயசு.

சேர்த்ததும் மெஷின்களெல்லாம் தாமாகவே ஓட்டிப் பார்த்து, ஏறினால் பச்சை காட்டும். பச்சை, பச்சை, பச்சை. பன்னிரண்டு மணிக்கு ஒன்று சிவப்பு. அவளும் நானும் ஓட்டிப் பார்க்காத பழைய வகை மெஷின் ஒன்றில் கைட் ஏறவில்லை. காரணம் தேடினேன், பத்து நிமிஷத்தில் கிடைத்தது. ஒரு எண்ணின் அளவை அவள் தப்பாக எடுத்திருக்கிறாள். இது உறுதியாக அவளுடையது; பெபிளில் அந்த இடமே கிடையாது.

சிவப்பைப் பார்த்த அந்த நொடியில் வந்தது சந்தோஷம். மறைக்க ஒன்றுமில்லை. டீ குடிக்க எழுந்தேன், வாசல் வரை போனேன், திரும்பி வந்தேன்.

போனை எடுத்தேன். இரண்டாவது ரிங்கில் எடுத்தாள்.

"விமலா, ஒரு மெஷின்ல ஏறல. இன்னான்னு கண்டுபுடிச்சிட்டேன். லிஸ்ட்ல இன்னும் போடல."

பின்னால் அவள் அம்மா யாரிடமோ அரிசி புடைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"எந்த லைன்?" என்றாள்.

சொன்னேன்.